குழாய் வாயில் கட்டிய மஞ்சள் துணி

என் கொழுந்தன் புதிதாக ஒரு குழாயை வைத்துச் சொந்த அண்ணனையே மலையிலிருந்து உருட்டிவிட்டான் என்று சொல்கிற கிழங்கள் புத்தூரில் இன்றைக்கும் உண்டு. அது பொய். பொய் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதாவது எழுதிவைத்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் எனக்காக உச் கொட்ட வேண்டாம், அது எனக்குப் பிடிக்காது.

எங்களிடம் ஒரு லாரி இருந்தது. உலகச் சண்டை முடிந்தபின் ராணுவம் ஏலம் விட்ட பெட்ரோல் லாரி. ஓட்டுவது என் வீட்டுக்காரர். அவருடைய தம்பி சித்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து அதற்கு வைத்தியம் பார்ப்பான். நகரி, புத்தூர்ப் பக்கத்து வெல்லத்தையும் வேர்க்கடலையையும் ஏற்றிக்கொண்டு திருத்தணி வழியாக மெட்ராஸ் போய் வருவதுதான் பிழைப்பு. அந்தப் பாதை சமதரை, அதனால் லாரியின் வயது யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். வீட்டில் பேசுவது தமிழ், ஆபீசில் நீட்டுகிற காகிதம் தெலுங்கு. மெட்ராஸ் போக இனி வேறு பர்மிட் வேண்டும் என்றார்கள். அதற்காகச் சித்தூருக்கு அலைந்து அலைந்து அவர் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், புத்தூரிலிருந்து திருப்பதி மலைக்கு வெல்லமும் அரிசியும் ஏற்றிப்போகிற வேலை கிடைத்தது. அலிபிரி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எங்கள் லாரியின் யோக்கியதை வெளியே வந்துவிட்டது. மூன்றாவது வளைவுக்குள் நின்றுவிடும். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரன் அடித்தே மானத்தை வாங்குவான். "இன்னும் ஒரு தபா வழியில நின்னா வேற வண்டி பாத்துக்குவோம்" என்று சரக்குக்காரர் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எஞ்சினுக்குக் காத்து பத்தல அண்ணி. உள்ளாற கொதிக்கிற காத்தையே இழுத்துக்கினு கீது. அதுவும் இத்தினிக்கோண்டு ஓட்டை வழியா. வெளியருந்து குளுந்த காத்து தாராளமா குடுத்தா சும்மா ஏறும் பாரு."

"காத்தைக் குடுத்தா வண்டி ஏறுமா? நல்லா கதை வுடறே" என்றேன்.

"மூக்கைப் புடிச்சிக்கினு நீ மலையேறு பாக்கலாம்" என்றான். சிரித்துவிட்டேன்.

தகரக்காரரிடம் உட்கார்ந்து, கை நுழைகிற அகலத்தில் ஒரு குழாய் செய்யச் சொன்னான். முதல் தடவை செய்தது முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. மடங்கினால் காற்று முட்டும், வழிந்து வருகிற மாதிரி வளைய வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தான். இரண்டாவதில் ஒட்டுப்போட்ட இடம் உள்ளே துருத்திக்கொண்டிருந்தது என்று அதையும் திருப்பிவிட்டான். மூன்றாவதுதான் அவனுக்குப் பிடித்தது. எஞ்சின் மேல் இருந்த, காற்றை வடிகட்டுகிற ஏர் கிளீனரைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி, அதன் வாயில் பழைய டியூப் ரப்பரை வைத்துக் குழாயை இறுக்கினான். குழாய் கண்ணாடியை ஒட்டி மேலே ஏறி, கூரைக்கு மேல் முன்பக்கம் பார்த்துத் திறந்திருந்தது. வாயில் ஒரு கம்பி வலை. மழைக்கு ஒரு தகர மூடி மட்டும் பாக்கி. அடுத்த ஞாயிறு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுச் சித்தூர் பஸ் ஏறினான்.

மறுநாள் லாரி முழுச் சரக்கோடு மலையில் ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறியது. அவர் வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். "என் தம்பி கையில என்னாமோ கீதுடி! பஸ்காரன் என் பின்னாலயே வந்துகினு கீறான், ஹாரனே அடிக்கல!" என் மாமியார் கூட, "சின்னவனுக்கு மூளை, பெரியவனுக்குப் பேச்சு" என்று கேலி செய்தாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சந்தோஷம்தான். அடுத்த தை மாதம் சின்னவனுக்குப் பெண் பார்க்கலாம் என்று பேச்சு எடுத்ததும் அந்த வாரம்தான்.

எனக்குத்தான் பயம். தெருவே வண்டியைப் பற்றிப் பேசியது, கண் பட்டுவிடுமே என்று. எங்கள் பக்கம் ஒரு காரியம் நல்லபடியாக நடக்க வேண்டுமென்றால், மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு காசு முடிந்து, ஏழுமலையானுக்கு என்று கட்டிவைப்போம். வேண்டுதல் தீருகிறவரை அவிழ்க்கக் கூடாது. சனிக்கிழமை காலை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூடி இன்னும் வரவில்லை. குழாய் ஆவென்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே போய்விடாதா என்று என் புத்திக்குப் பட்டது. மூட்டைகள் மேல் ஏறி நின்று, காசு முடிந்த மஞ்சள் துணியை அந்த வாயின் மேலேயே விரித்து, ஊறுகாய் ஜாடிக்கு வேடுகட்டுவது போல இறுக்கிக் கட்டினேன். சாமிக்கும் ஆச்சு, மழைக்கும் ஆச்சு என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்!

அவர் கீழே நின்று பார்த்தார். தொங்கிய முடிச்சு மட்டும் அவருக்குத் தெரிந்தது போலிருக்கிறது. "சாமி துணியா?" என்று கேட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். துணி உலர்ந்துதான் இருந்தது. வண்டியும் ஒழுங்காகத்தான் கிளம்பியது.

ரேணிகுண்டாவில் தூறல் பிடித்துக்கொண்டதாம். மலையில் நல்ல மழை. எதிரே இறங்கிவந்த லாரி டிரைவர் ஒருவர் பார்த்திருக்கிறார். எங்கள் வண்டி வளைவில் செருமிச் செருமி நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் அந்த வண்டியில் பிரேக் பாதிக்கூடப் பிடிக்காது. பின்னாலேயே உருண்டு, கைப்பிடிச் சுவரை இடித்துக்கொண்டு பள்ளத்தில் போய்விட்டது. அவரைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

"காத்துக்குத் தவிச்ச மாதிரி நின்னுடுச்சும்மா" என்று அந்த டிரைவர் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. நனைந்த துணியை முகத்தில் போட்டுக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள், உங்களுக்கும் புரியும்.

கொழுந்தன் சித்தூரிலிருந்து நேராக மலைக்குப் போய், வண்டியைப் பார்த்துவிட்டு, அண்ணன் உடலோடு வீட்டுக்கு வந்தான். வாசலில் எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லா ஓடின வண்டியில ஏன்டா கைய வெச்சே என்றார் ஒருவர். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பைப்பு அடைச்சிக்கிச்சு. மூடி போடாம வுட்டது என் தப்பு" என்றான். என் மாமியார் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என் புள்ளயத் துன்னுட்டியேடா! இனிமே உன் கையால ஒரு வாய்த் தண்ணி குடிச்சா நான் மனுஷி இல்ல!"

நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். 'துணி கட்டினது நான்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. மடியில் ஒரு பெண் குழந்தை, பக்கத்தில் இன்னொன்று. வீடு மாமியாருடையது. சொன்னால் அன்றைக்கே மூவரும் தெருவில்தான். அப்படித்தான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் நாள் சொல்ல முடியாதது பத்தாம் நாள் இன்னும் கஷ்டம், பத்தாம் வருஷம் கேட்கவே வேண்டாம்.

அவன் திருத்தணிக்குப் போய்விட்டான், எல்லைக்கு அந்தப் பக்கம். அண்ணனைக் கொன்றவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பார்த்துவைத்த இடமும் போயிற்று. மாதாமாதம் என் பெண்களுக்கு எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசலோடு திரும்பிப் போவான். மாமியார் உள்ளே முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பாள். நான் அவளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருப்பேன்.

என் பெரிய பெண்ணுக்குக் கல்யாணமான பிறகு மாமியார் படுத்த படுக்கையானாள். கடைசி நாள் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியால் தண்ணீர் எடுத்து வாயருகில் கொண்டுபோனான். "எம்மோ, ஒரு வாய்மா" என்றான். கண்ணே திறக்காதவள், அந்தக் குரல் கேட்டதும் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவன் கரண்டியை என்னிடம் கொடுத்தான். நான் ஊற்றினேன், விழுங்கினாள். அரைமணி நேரத்தில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து அவன் கிளம்பின அன்று, எனக்குத் தாங்கவில்லை. பஸ் நிற்கிற இடம்வரை பின்னாலேயே போனேன். "தம்பி, அந்தக் குழாயில..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணி. போலீஸ்காரங்க வண்டியச் சோதிச்சிப் பாக்கறதுக்கு முன்ன துணிய நான்தான் அவுத்து எடுத்தேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "தெரிஞ்சிக்கினு ஏன்டா ஒருத்தருக்கும் சொல்லாம இருந்தே? நீயே சொல்லியிருக்கலாமே!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நீயே அம்மாகிட்ட சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன் அண்ணி. அம்மா வாயில நீ தண்ணி ஊத்தற வரைக்கும்."