இரண்டாவது அர்ச்சுனன்

அர்ச்சுனனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. விடிகாலையில் சுங்கை சிப்புட்டில் வேனை எடுத்தால், தொழிற்சாலைப் பெண்களைக் கமுந்திங்கில் இறக்கிவிட்டு, சாயங்காலம்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவார்கள். இவரோ புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே வாசிப்பார். ரஷ்யப் பனி, ஆப்பிரிக்கச் சிறை, கப்பலேறிப் போனவர்கள், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் என்று தமிழில் மொழிபெயர்த்து வந்த எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

இப்படி உலகத்தையே அளந்த மனிதர் எல்லையைத் தாண்டினால் பக்கத்திலேயே இருக்கும் ஹட்யாய்க்குக்கூடப் போனதில்லை என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். அறுபத்திரண்டு வயதிலும் அவரிடம் இருப்பது சிவப்பு ஐசி எனும் அடையாள அட்டைதான். நீல ஐசி இருந்தால்தான் குடிமகன், குடிமகனுக்குத்தான் பாஸ்போர்ட். மகள் துளசி அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். மூன்று வயதுப் பேத்தியை அவர் இதுவரை போனில் மட்டுமே பார்த்திருக்கிறார்.

எல்லாம் அவருடைய அப்பா சன்னாசி செய்த வேலை. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவருக்கு முதலில் பிறந்த மகன் அர்ச்சுனன் இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அடுத்து ஒரு மகன் பிறந்ததும், போனவனே திரும்பி வந்துவிட்டான் என்று அதே பெயரை வைத்தார்கள். தோட்டத்தில் அது வழக்கம்தான். சன்னாசி ஒரு படி மேலே போனார். பிறப்பைப் பதிந்து சூரா என்ற சான்றிதழ் வாங்க டவுனுக்குப் போனால் ஒருநாள் பால்வெட்டு கெட்டுவிடும். வீட்டில்தான் அர்ச்சுனன் என்று போட்ட பிறப்பு சூரா ஒன்று கிடக்கிறதே! அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடுவதுபோல அதையே இவருக்கு வைத்துக்கொண்டார்.

ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மூத்தவனின் சாவைப் பதிந்துவிட்டிருந்தார். பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனபோது, இந்தப் பையன் செத்துப்போனதாக இருக்கிறதே என்றார்கள். "டிரசர் தப்பா எழுதிட்டாரு. பையன்தான் கண்ணு முன்னால நிக்கிறானே!" என்று சாதித்தார் சன்னாசி. அவர்கள் சந்தேகப்பட்டுச் சிவப்பு ஐசிதான் கொடுத்தார்கள். அப்பா கற்றுக்கொடுத்த அந்த ஒரு பொய்யை அர்ச்சுனன் நீல ஐசிக்கான நான்கு விண்ணப்பங்களில் எழுதினார். நான்கும் திரும்பி வந்தன. அதிகாரிகளைத் திட்டித் திட்டியே அவருக்குத் தலை நரைத்தது.

ஐந்தாவது விண்ணப்பத்துக்கு நேர்காணல் வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை ஈப்போவில் வாசகர் வட்டம் கூடியது. உலக இலக்கியத்தில் பயணமும் மாற்றமும் நீதியும் என்பது அன்றைய பேச்சு. வட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை சந்திரமதி, அர்ச்சுனனைத்தான் முதலில் பேச அழைத்தார். செத்தவன் ஒருவனின் காகிதத்தோடு எல்லை தாண்டிப் போனவனின் கதையை எடுத்துக்கொண்டு அவர் வெளுத்து வாங்கினார்.

"நீதி கெடைக்கலன்னு நூறு பக்கம் பொலம்புறான். மொதல்ல இவன் உண்மையச் சொன்னானா? அந்தச் செத்தவனுக்கு யாருலா நீதி கேக்கிறது?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். உடம்புக்கு முடியவில்லையா என்று ஆசிரியை கேட்டார். அர்ச்சுனன் படியிறங்கிப் போய்விட்டார். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. அன்று வேனை ஓட்டிக்கொண்டே இருந்தார், எங்கே போனோம் என்று பிறகு அவருக்கே தெரியவில்லை.

நேர்காணலுக்குச் சாட்சியாக பீடோரிலிருந்து அக்கா நவமணி வந்தார். இரண்டு தம்பிகளும் பிறந்ததைப் பார்த்தவர்களில் இன்னும் உயிரோடிருப்பவர் அவர் ஒருவர்தான்.

"டேய், அப்பா சொன்னதையே சொல்லு. வேற எதையாவது ஒளறி இருக்கிற சிவப்பையும் புடுங்கிக்கிட்டா என்னடா செய்வ? புள்ளயப் பாக்க வேணாமா?"

பேத்தியின் முகம் கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்றுகூட நினைத்தார். அதிகாரி இளம்பெண், கோப்பைப் புரட்டிவிட்டு, இந்த மரணப் பதிவு தவறுதானே என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

"இல்ல, அது சரிதான்" என்றார் அர்ச்சுனன். "செத்தது எங்கண்ணன். இது அவரோட சூரா. எனக்குச் சூராவே கெடயாது." பிறகு அதையே மலாயிலும் சொன்னார்.

அதிகாரி கோப்பை மூடிவைத்தாள். இந்த விண்ணப்பம் இனிச் செல்லாது, பிறப்பைத் தாமதமாகப் பதிவதிலிருந்து தொடங்க வேண்டும், வருடங்கள் ஆகலாம், முடிவு என்னவென்று சொல்ல முடியாது என்றாள். தம்பி சொன்னதற்கு நவமணியும் சாட்சிக் காகிதத்தில் கைநாட்டு வைத்தார்.

வெளியே வந்ததும் நவமணி வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அர்ச்சுனன் பதறிப் போனார்.

"கவலப்படாதக்கா, ஐசி கெடச்சிரும்லா. லேட்டாகும், அவ்வளவுதான்."

"ஐசிக்கு இல்லடா. மூத்தவன் போனப்ப எனக்கு ஏழு வயசு. நீ பொறந்ததும், அர்ச்சுனன் வந்துட்டான், இனி யாரும் அழக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. அவன் செத்துட்டான்னு நம்ம வீட்டுல இருந்து ஒருத்தன் வாய்விட்டுச் சொன்னது இன்னைக்குத்தான்டா."