ரயில் போட்ட திரைத்துணி

கஞ்சி மொடமொடப்பு போகாத புதுத்துணியின் வாடை மூக்கில் ஏறினால், அது எந்தக் கடையாக இருந்தாலும், நான் இன்றைக்கும் வாசலுக்கு இறங்கிவிடுகிறேன். பதினோரு வயதில், திண்டிவனம் கடைத்தெருவில் ஜன்னலுக்குத் துணி பொறுக்கிய நாளின் வாடை அது.

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அதுவரை எங்கள் வீட்டில் எந்த ஜன்னலுக்கும் துணி போட்டதில்லை. அக்கா கஸ்தூரியைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் அப்பாவுக்குக் கவலை வந்துவிட்டது. கூடத்துக்கும் உள் அறைக்கும் நடுவில் கம்பி வைத்த ஜன்னல் ஒன்று இருந்தது. வருகிறவர்கள் கூடத்தில் உட்காருவார்கள். கூப்பிடும் முன்னே பெண் அவர்கள் கண்ணில் படக்கூடாது. அதற்கொரு 'மறைப்பு' கட்டியாக வேண்டும்.

அப்பாவும் நானும் கடைக்குக் கிளம்பும்போது அக்கா என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் இழுத்துப்போனாள். விழுந்து கும்பிட்டுவிட்டு, கால்விரலைப் பார்த்துக்கொண்டே பெண் உள்ளே திரும்பிவிட வேண்டிய காலம் அது.

"டேய், மெல்லிசா வாங்கியாடா. உள்ள இருட்டுல நின்னுக்கினு பார்த்தா கூடத்துல கீற ஆளு தெரியணும். புடிக்கலன்னா சொல்லு, தட்டு மாத்த மாட்டேன்னு அப்பா சொல்லிக்கீறாரு. மூஞ்சியே பார்க்காம நான் இன்னான்னு சொல்றது?"

கடைக்காரர் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, அடியில் கையை விட்டுக் காட்டினார். விரல்கள் தெரிந்தன. அக்கா கேட்டது அதேதான். ஆனால் அதற்குள் மேல்தட்டில் இருந்த வேறொன்று என் கண்ணில் பட்டுவிட்டது. தடித்த நீலத்துணி; அதில் வரிசை வரிசையாகப் புகைவிடும் ரயில் வண்டிகள்.

"பொடவைன்னா எதுனா சொல்வேன். இதுல நான் இன்னாத்த கண்டேன்? அக்கா எதுனா சொல்லி அனுப்பிச்சாளா?" என்றார் அப்பா.

"ரயில் போட்டதுதான் வேணும்னு சொல்லுச்சுப்பா."

கடைக்காரர் சிரித்தார். "பொண்ணு இப்பவே விழுப்புரத்துக்கு வண்டி ஏறிடுச்சு போல!"

அன்று மாலை அப்பா அதைக் கம்பியில் மாட்டிவிட்டு, "இந்தாம்மா, நீ கேட்ட ரயிலு" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். கதவிடுக்கில் செருகியிருந்த புளியங்குச்சியை நான் பார்த்தேன். பொய் சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"ஆமாப்பா, நல்லாகீது" என்றாள் அக்கா.

பிறகு அடுப்படியில் என் காதைத் திருகினாள். "பொழைச்சிப் போ. நாளைக்கு உன் கண்ணு ரெண்டும் எனக்கு. தண்ணி குடுக்கச் சொல்ல நல்லாப் பார்த்துக்கினு வந்து சொல்லு."

மறுநாள் காலை பத்து மணிக்கு, கூடத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையிடம் நான் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். வாங்கிய கை நடுங்கி, தண்ணீர் வேட்டியில் சிந்தியது. அவர் குனிந்தபோது வாயிலிருந்து சாராய வாடை அடித்தது; எங்கள் ஏரிக்கரையில் பனைமரத்தடியில் விழுந்து கிடப்பவர்களிடம் அடிக்கிற அதே வாடை. "வெயில்ல வந்த அசதி" என்று கூட வந்த பெரியவர் சிரித்து மழுப்பினார். அப்பா விசிறி எடுக்கத் திரும்பியிருந்தார். ரயில்களுக்குப் பின்னால் அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சொல்றா, எப்டி கீறாரு?"

நான் கண்டதைச் சொன்னால் அவள் வேண்டாம் என்பாள். ஏன், உனக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்பார். கேட்டால் துணி விஷயமும் வெளியே வந்துவிடும். என் புத்தியில் அந்தக் குச்சி மட்டும்தான் இருந்தது.

"ஜம்முனு கீறாருக்கா."

அக்கா பெருமூச்சு விட்டாள். தலையை ஒதுக்கிக்கொண்டு, அப்பாவிடம் போய்ச் சரி என்றாள்.

பதினாறு வருஷம் அந்த மனிதரிடம் அடிபட்டாள். அவர் குடல் வெந்து செத்தபிறகு, ரவிக்கை தைத்து மகளைப் படிக்கவைத்தாள். கன்றிய முகத்தோடு வீட்டுக்கு வரும்போதெல்லாம் "என் தலையெழுத்து" என்பாள். எழுதியது யார் என்று தெரிந்தும் நான் வாய் திறந்ததில்லை.

போன மாதம் விழுப்புரத்தில் அந்த மகள் கட்டிய புதுவீட்டுக்குத் திரை வாங்கப் போனோம். கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் இப்போது யாரும் ஜன்னல் வைப்பதில்லை. தேவையும் இல்லை, பெண்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் போனிலேயே பார்த்து, பேசி, பிடிக்காவிட்டால் மறுத்தும் விடுகிறார்கள்.

துணி விஷயத்தை அக்கா அன்றைக்கே மன்னித்துவிட்டாள். நான் கண்டதை மறைத்தது மட்டும் அவளுக்கு இன்னும் தெரியாது. அவளுக்குப் பார்வை போய் மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிறுதோறும், நான் எழுதும் பத்திரிகையை நானே அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். இது அச்சாகி வந்தாலும், "உன்து எதுனா வந்துகீதா? படி, கேக்கறேன்" என்று பக்கத்தில் வந்து உட்காருவாள். நடுவில் ஒரு வரியைத் தாண்டினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.