மாமா வட்டம் போட்ட தரை

மாமா, அம்மாவுடைய தம்பி, கான்கிரீட் ரோட்டின் மேல் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டே நடப்பார். அதுதான் அவர் வேலை. தரை கெட்டியாக இருந்தால் ‘ணங்ங்’ என்று சத்தம் வரும். உள்ளே பிரிந்து பொள்ளலாகியிருந்தால் ‘டொப்’. டொப் வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். அப்புறம் ஆட்கள் வந்து அதை உடைத்துப் புதிதாகப் போடுவார்கள்.

பழக்கதோஷம், வீட்டிலும் எதையாவது தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருமுறை என் தலையைத் தட்டி, “டொப்” என்றார்.

நான் மட்டும் சும்மா விடுவேனா? சாப்பாட்டு நேரத்தில் அவர் குரலிலேயே ஆரம்பிப்பேன்: “லாரி ஏறி ஏறி மூலை உடையும்டா, அது வெளிய வாங்குன அடி. சில கல்லுக்கும் சிமெண்டுக்கும் ஒத்துக்காது. தண்ணி இறங்குச்சுன்னா உள்ளுக்குள்ளயே வீங்கி, வலை மாதிரி வெடிக்கும். அது உள்ள இருந்த புழுக்கம்.”

“இவரைக் கட்டிக்கிட்டதுல ரெண்டு வெடிப்பும் எனக்கு வந்தாச்சு,” என்பார் அத்தை, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் தரையைப் பார்த்துவிட்டு, முகம் செத்து வந்து உட்கார்ந்தார் மாமா.

“தரை முழுக்க வட்டம்டா. ஒரு இடம்கூடத் தேறல. மொத்தத்தையும் உடைக்கணும்.”

சிரிக்க வைக்கலாமே என்று வாயால், “ணங்ங்” என்றேன்.

“டொப்,” என்றார்.

இன்னும் கணீரென்று சொன்னேன்.

“டொப்புதாண்டா. இதுகூடத் தெரியாதா?”

மெஷின் நின்றது. அத்தை எழுந்து வந்து, கத்தரிக்கோலால் எவர்சில்வர் தட்டில் ஒரு தட்டு தட்டினார். வீடே அதிர்ந்தது.

“இது என்ன சத்தங்க?”

மாமா தட்டை வாங்கி, தானே மறுபடியும் தட்டிப் பார்த்தார். தரை நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கணீரென்பது மட்டும் அவர் காதை விட்டுப் போயிருந்தது.

“சொன்னா வேலை போயிடும்,” என்றார் மெல்ல.

“சொல்லலைன்னா நல்ல தரைய உடைப்பாங்க. காலையில நானும் வரேன்.”

நானும் ஒட்டிக்கொண்டேன். “தரை நல்லாருக்கு மேடம். என் காதுதான் ரிப்பேர்,” என்று சூப்பர்வைசரிடம் மாமாவே சொன்னார். அந்த அம்மா சங்கிலியை வாங்கி இழுத்துப் பார்த்தார். போன இடமெல்லாம் ணங்ங்.

மாமா மட்டும் ஓர் ஓரத்தில் குனிந்துவிட்டார். வலை போல வெடிப்பு, நடுவில் வெள்ளையாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

“இங்க மட்டும் உடைக்கணும் மேடம். இதுக்குக் காது வேணாம்.”

“அப்போ சங்கிலிய வேற ஆள் இழுக்கட்டும். வெடிப்பு பாக்குறது நீங்க. முதல்ல காது டாக்டரைப் போய்ப் பாருங்க.”

மாமாவும் அத்தையும் ஈரத்துணியோடு மண்டியிட்டு வட்டங்களை அழித்தார்கள். நடுவில் அத்தை அவர் முதுகை விரல் முட்டியால் தட்டினார்.

“என்னடி, என்ன சத்தம் வந்துச்சு?”

“கெட்டியாத்தான் இருக்கு,” என்று அவர் காதருகே கத்தினார் அத்தை. “நகருங்க, உங்க காலுக்கடியில ஒரு வட்டம் பாக்கி.”