அம்மா முக்காடு போட்டுக் கேட்ட பாட்டு

அம்மா சேலையூரில் ஒரு கான்வென்ட் சமையலறையில் வேலை செய்தார். அங்கே இருந்த அயர்லாந்து சிஸ்டர் வயதாகி ஊர் திரும்பும்போது அம்மாவுக்கு ஒரு கேசட் கொடுத்துவிட்டுப் போனார். மேளமோ ஆர்மோனியப் பெட்டியோ இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடுவது. ஒரு வார்த்தை புரியாது. சிஸ்டர் கொடுத்ததாயிற்றே, சாமி பாட்டுத்தான் என்று வீட்டில் நம்பினோம்.

மாலையில் வந்ததும் அம்மா கால் கழுவி, முந்தானையால் முக்காடு போட்டு, மாதா சுரூபத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்து அதைக் கேட்பார். ஒரு பக்கம் முடிய அரைமணி நேரம். ஜெபத்தில் இருப்பவரைக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாகூட அப்போது காபி கேட்க மாட்டார்.

"இது எந்த மாதா பாட்டும்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "மாதாவுக்குத் தெரியும். நீ போய்ப் படி."

எனக்குப் பத்து வயதில் கோவிலில் பாட்டுப் போட்டி. என் குரலைப் பதிந்து கேட்க ஆசை. காலி கேசட் இல்லை. கேசட் மேலே இருக்கும் ஓட்டையில் காகிதத்தைத் திணித்தால் பதியும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லியிருந்தார். சாமி பாட்டு மேல் சாமி பாட்டு, பாவமில்லை. இரண்டு பக்கமும் தீரும்வரை பாடி வைத்தேன்.

அன்று மாலை அம்மா முக்காடு போட்டு உட்கார்ந்தார். வந்தது என் குரல். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் பெருமையோடு நின்றேன்.

"ஏய், நம்ம பாப்பா! இன்னாமா பாடுது பாரு!" என்று அப்பா வந்தார். "சரி, இத அப்புறம் கேட்டுக்கலாம். பசிக்குது, ரெண்டு தோசை ஊத்து."

அம்மா எழுந்தார். "நல்லா பாடினடி" என்று என் தலையைத் தொட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். பிறகு அந்தக் கேசட்டைப் போடவேயில்லை. என் சுருதி சரியில்லை, அதனால் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அம்மா ஆண்டவரிடம் போய் ஆறு வருடம். கேசட் அட்டை அவருடைய ஜெபப் புத்தகத்தில் இருந்தது. போன வாரம் என் மகன் அதிலிருந்த பெயரை ஃபோனில் தேடினான். அந்தப் பாடகி குமரியாக இருந்ததிலிருந்து கிழவியாகும்வரை பாடியதெல்லாம் ஒரே தொகுப்பாக வந்திருக்கிறது. கேசட்டில் முதலில் வரும் எங்கள் பாட்டு அதில் இரண்டு தடவை, இளவயதில் ஒன்று, கிழவயதில் ஒன்று. கிழவயதில் பாடியதில் வரிக்கு வரி மூச்சு வாங்குகிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

"அம்மா, இது சாமி பாட்டே இல்ல!" என்று மகன் அர்த்தத்தைப் படித்துவிட்டுச் சிரித்தான். "சந்தைல கன்னுக்குட்டிய விக்க மனசில்லாம வீட்டுக்கே ஓட்டிட்டு வர்ற பொம்பள பாட்டு. இதுக்கா பாட்டி முக்காடு போட்டாங்க?"

சிஸ்டர் அர்த்தம் சொல்லாமலா கொடுத்திருப்பார்? நாள் முழுக்க நின்ற கால்களுக்கு அம்மா தேடிக்கொண்ட அரைமணி அது. அதன் மேல்தான் நான் பாடினேன் என்று அந்தப் பத்து வயதில் தெரியவில்லை.

திருமுடிவாக்கம் கம்பெனியில் நின்றபடியே பேக்கிங் செய்துவிட்டு நேற்று வந்தேன். முட்டி விண்விண் என்றது. பாட்டைப் போட்டுச் சுவரில் சாய்ந்தேன்.

"காபி ஆச்சா?" என்று வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் குரல்.

முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா ஜெபத்துல இருக்காங்கப்பா" என்றான் மகன்.

மாதாவுக்குத் தெரியும்.