கூட்டேரிப்பட்டு தாண்டினால்

ஞானராஜ் இருபத்து நான்கு வருடமாக விழுப்புரம் - திண்டிவனம் பேருந்தில் நடத்துநர். டிக்கெட் எடுக்காதவன், வாந்தி எடுக்கப்போகிற குழந்தை, வீட்டில் சண்டை போட்டுவிட்டு ஏறிய பெண், எல்லாரையும் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஓட்டுநர் தென்னரசு கேலி செய்வார்: "உனுக்கு மெஷினு எதுக்குண்ணா? மூஞ்சியப் பாத்தே டிக்கெட் குடுத்துடுவ."

மகள் சகாய பிரியாவும் அதே பேருந்தில்தான் திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போனாள். ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கை. அவளுக்கு ஆட்டிசம் என்று பதினேழு வயதில்தான் ஒரு மருத்துவர் சொன்னார். ஹாரன் சத்தம், சொல்லாமல் மாற்றிய வகுப்பு, யாரோ தோளைத் தட்டியது, ஏதாவது ஒன்று தாங்க முடியாமல் போனால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். வீடு அந்த நாட்களுக்குத்தான் பயந்தது. அமைதியாக இருந்த நாட்களில் அம்மா அமலோற்பவமேரி மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

போன ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. விக்கிரவாண்டியில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பிரியா சொன்னாள்: "அப்பா, செத்துடணும்னு தோணிக்கினே இருக்குது."

அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற மாதிரியான குரல். ஞானராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணீர் இல்லை. உதடு நடுங்கவில்லை. ஒன்றுமில்லை என்று முடிவு செய்தார்.

"வெயிலும்மா. தண்ணி குடி."

இரண்டு விசில் கொடுத்தார். பேருந்து கிளம்பியது.

அந்த வாரம் முழுக்க அவள் கத்தவில்லை, மோதிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் இறங்கும்போது பஸ் பாஸை அவர் கையில் வைத்தாள். "இது இனிமே வேணாம்ப்பா. ஆபீஸ்ல குடுத்துடுங்க."

பையில் போட்டுக்கொண்டார். பேருந்து திரும்பிக் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. படிப்பு முடிய இன்னும் எத்தனையோ மாதம் இருக்க, எந்தப் பிள்ளையும் பாஸைத் திருப்பித் தருவதில்லை.

ஒற்றை விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார். "என்னாண்ணா?" என்றார் தென்னரசு. ஞானராஜ் தோல்பையைக் கழற்றி அவர் மடியில் போட்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓடினார்.

நூலகத்தின் பின்படியில் பிரியா உட்கார்ந்திருந்தாள். எடுத்திருந்த புத்தகங்களையெல்லாம் ஒப்படைத்துவிட்டிருந்தாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேப்பா. திங்கக்கெழம. விக்கிரவாண்டில."

அன்றே மருத்துவரிடம் போனார்கள். "கஷ்டம் பத்துக்கு எவ்ளோன்னு சொல்லும்மா" என்றார் அவர். பிரியாவால் எண்ணில் சொல்ல முடியவில்லை. "கூட்டேரிப்பட்டு தாண்டிடுச்சி" என்றாள். மருத்துவர் விழித்தார். ஞானராஜுக்குப் புரிந்தது. விழுப்புரம் வீடு. திண்டிவனம் முடிவு. நடுவில் வரிசையாக முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு. கூட்டேரிப்பட்டைத் தாண்டினால் அப்புறம் திண்டிவனம்தான்.

"அத அப்பிடியே வச்சிக்கோங்க" என்றார் மருத்துவர். "மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணாதீங்க. தெனம் கேளுங்க. கேக்கறதால அந்த நெனப்பு வந்துடாது. கூட்டேரிப்பட்டு தாண்டுச்சின்னா தனியா வுடாதீங்க, ஒடனே எனக்கு போன் பண்ணுங்க."

தினமும் காலையில் கேட்கிறார்: "எந்த ஊரும்மா?" பெரும்பாலும் முண்டியம்பாக்கம். அதைக் கேட்ட பிறகே பையை மாட்டுகிறார். ஆனால் விக்கிரவாண்டியில் பேருந்து நிற்கும்போதெல்லாம் அந்த ஜன்னலோர இருக்கையிலிருந்து அதே குரல் கேட்கிறது, அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும். திண்டிவனம் வந்தால் ஊர்ப் பெயரைச் சொல்லி அவரால் இறக்கிவிட முடிவதில்லை. அதைத் தென்னரசு செய்கிறார். இப்போது கேலி பேசுவதில்லை.

நேற்றுக் காலையும் கேட்டார். பிரியா தலை பின்னிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"கூட்டேரிப்பட்டு. தாண்டிக்கினு இருக்குது."

ஞானராஜ் கையில் எடுத்திருந்த பையை ஆணியில் திரும்ப மாட்டினார். மருத்துவருக்குப் பேசினார். பிறகு டிப்போவுக்கு. அவளைத் தொடாமல், ஒரு கை தூரம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

"டூட்டிப்பா?"

"வண்டி ஓடும். நான் இங்கதான் உக்காந்துக்கினு இருப்பேன்."

மருத்துவர் போனில் அவளிடம் இரண்டு முறை பேசினார். சாயங்காலம் வரச் சொன்னார். மதியம், கேட்காமலேயே, பிரியா சொன்னாள்: "விக்கிரவாண்டி."

ஞானராஜ் கண்ணை மூடிக்கொண்டார். "சரிம்மா" என்றார். எழுந்திருக்கவில்லை.