வெள்ளீயமா, காரீயமா?

1. சத்து மாத்திரை

போத்தனூரில் ஒரு தனியார் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் நான் கெமிஸ்ட். பம்புசெட் பவுண்டரிகளின் பேரிங் மெட்டல், பாத்திரக் கடைகளில் ஈயம் பூசிய அண்டா, இவைதான் என் மேசைக்கு வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் சத்தியமங்கலத்திலிருந்து நாச்சிமுத்து என்பவர் மாத்திரை டப்பாவோடு வந்தார். சொந்தத் தயாரிப்பு. லேபிளில் இரும்பு, துத்தநாகம், வெள்ளீயம் என்றிருந்தது. வெள்ளீயத்தைப் பழைய இரும்புக் கடையில் கட்டியாக வாங்கி, அவரே புடம் போட்டுப் பொடியாக்கியிருந்தார். கட்டியில் மிச்சமிருந்த துண்டையும் கொடுத்தார்.

வெள்ளீயத்தை வளைத்தால் நறநறவென்று சத்தம் வரும். இந்தத் துண்டு சத்தமில்லாமல் வளைந்தது. காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போலக் கோடு விழுந்தது. நைட்ரிக் ஆசிட்டில் போட்டேன். வெள்ளீயம் கரையாது, வெள்ளைப் பொடியாக அடியில் தங்கும். அதை வடிகட்டி, தெளிந்த நீரில் குரோமேட் விட்டேன். மஞ்சளாகப் படிந்தது. காரீயம். உடம்பில் சேர்ந்தால் விஷம். மாத்திரையிலும் அதே மஞ்சள்தான். ரேடியேட்டர் பற்றவைக்கும், காரீயம் கலந்த சால்டரை உருக்கி, வெள்ளீயம் என்று அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

2. ஒரே சொல்

மேனேஜர் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், 'ஈயம் உள்ளது'ன்னு மட்டும் எழுதிப்போடுங்க. பொய் இல்லீங்களே?"

"வெள்ளீயம், காரீயம் ரெண்டுக்கும் அதே பேருதானுங்க சார். அதனாலதான் எழுத மாட்டேன்."

"பார்ட்டி வேற லேபுக்குப் போயிருவாருங்க."

"போகட்டுங்க. விஷயம் தெரிஞ்சு போகட்டும்."

ரிப்போர்ட்டில் 'காரீயம் உள்ளது, உட்கொள்ளத் தகாதது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போனால் வேறு இடம் எனக்குத் தயாராக இல்லை.

நாச்சிமுத்துவை உட்கார வைத்து, லேபிலிருந்த சுத்த வெள்ளீயத்தை அவர் காதருகே வளைத்துக் காட்டினேன். பிறகு அவருடைய துண்டை வளைத்தேன். மஞ்சள் படிந்த சோதனைக் குழாயையும் காட்டினேன். அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எங்கூட்டுக்காரி மூணு மாசமா இதைத்தானுங்க சாப்பிடறா. வயித்து வலி, வயித்து வலின்னா. சத்து பத்தலைன்னு நாந்தான் ரெண்டா சாப்பிடச் சொன்னேன்."

"இன்னிக்கே நிறுத்துங்க. ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்கச் சொல்லுங்க. இந்த ரிப்போர்ட்டையும் காட்டுங்க."

ரத்தத்தில் காரீயம் இருந்தது. அந்த அம்மாள் தேற ஐந்தாறு மாதமாயிற்று. நாச்சிமுத்து கடை கடையாக ஏறி, விஷயத்தை மறைக்காமல் சொல்லி டப்பாக்களைத் திரும்ப வாங்கினார். வாங்கிச் சாப்பிட்டவர்கள் வீட்டுக்கும் போனார். சிலர் திட்டினார்கள், நின்று கேட்டுக்கொண்டாராம். மேனேஜர் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. என் வேலை போகவில்லை.

3. அவர் கேட்ட கேள்வி

மனைவி தேறிய பிறகு நாச்சிமுத்து மறுபடி வந்தார்.

"சுத்தமான வெள்ளீயம் எங்கீங்க கெடைக்கும்?"

கடைப் பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"டப்பாவுக்குப் பூசலாம், பேரிங்குக்கு ஊத்தலாம். மனுச உடம்புக்கு அது வேணும்னு யாரும் நிரூபிக்கலீங்க. எதுக்குங்க சேக்கறீங்க?"

அவர் என் பேனாவை வாங்கி, கையிலிருந்த லேபிளில் 'வெள்ளீயம்' என்ற சொல்லை அடித்தார்.

சுத்தமா என்று மட்டுமே அதுவரை சோதித்து வந்தேன். தேவையா என்று கேட்பதும் கெமிஸ்டின் வேலைதான் என்று அன்று கற்றுக்கொண்டேன்.