சீனிமுகம்மது சொன்ன விலாசம்

சீனிமுகம்மதுவைக் கெடுத்தது துவக்கும் இல்லை, குண்டும் இல்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொன்னார், அவ்வளவுதான்.

பொத்துவிலில் பிறந்து, மருதமுனை ஸைனம்புவைக் கல்யாணம் முடித்து எங்கள் தெருவுக்கு வந்த மனுசன். என்னைப் போலவே சைக்கிளில் கைத்தறிச் சாரங்களைக் கட்டிக்கொண்டு போய் ஊர் ஊராக விற்பவர். எண்பத்தொன்றில், வழக்கமாகச் சாரம் வாங்கும் ஒருவன் இரண்டு நாளைக்கு வைத்திருக்கச் சொல்லி ஒரு பையைக் கொடுத்தான். இவர் திறந்து பார்க்காமல் வாங்கி வைத்தார். பொலிஸ் திறந்து பார்த்தது. உள்ளே வெடிமருந்து. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மூன்று வருடம் மறியலில் அடைத்தார்கள். வெளியே வந்தபின் இரண்டு வருடம் பொலிஸ் கண்காணிப்பு. சொந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், ஞாயிறுதோறும் அந்த ஊர்ப் பொலிஸில் கையெழுத்து வைக்க வேண்டும், ஊர் எல்லை தாண்டக் கூடாது.

நீதிமன்றத்தில் கட்டளையை எழுதுமுன் கேட்டார்கள்: "உமக்குச் சொந்த வீடு எங்கே?"

"எனக்குச் சொந்த வீடில்ல ஐயா. மருதமுனையில இரிக்கிறது பொண்டாட்டிர வீடு. என்ட உம்மாட வீடு பொத்துவில்ல இரிக்கி."

எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பிளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது; ஆண் அதில் போய்க் குடியிருப்பவன். அங்கே பின் வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்கும் அந்தப் பதிலில் பிழை தெரியவில்லை. கட்டளையில் பொத்துவில் என்று விழுந்துவிட்டது. அதை மாற்றக் கொடுத்த மனுக்கள் எந்த அலுமாரியில் கிடந்து உக்கினவோ, பதில் வரவேயில்லை.

எண்பத்துநாலில் வெளியே வந்தவர், மனைவி மகளிடம் வர முடியாமல் பொத்துவிலுக்குப் போனார். அதற்குள் உம்மா மௌத்தாகி, வீடு தங்கை ஹவ்வா உம்மாவுக்குச் சீதனமாகப் போயிருந்தது. அங்கேயும் அவர் விருந்தாளிதான். பொலிஸ் ஜீப் வாசலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் தங்கையின் புருசன் இப்றாஹிமின் முகம் சுருங்கும்.

"ஒரு நாளைக்கி என்னையும் சேத்து ஏத்தப்போறானுகள்" என்று சோற்றுக்கு முன்னால் வைத்தே சொல்வார். சீனிமுகம்மது தலை நிமிராமல் தின்பார். இரண்டு வருடம் போனால் ஸைனம்புவின் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நினைப்பில்தான் அந்தச் சோறு இறங்கியது.

ஸைனம்பு முதலில் மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்துபோனாள். பிறகு நாடு கெட்டது, வரவும் குறைந்தது. ஒரு நாள் மகள் நஸீறாவின் கல்யாணப் பேச்சோடு வந்தாள்.

"மாப்புள நல்ல புள்ள. வீட்ட நஸீறாட பேர்ல எழுதோணும்."

"எழுது. மகளுக்குத்தானே."

"இன்னொண்டும் கேக்காங்க." முக்காட்டு நுனியை முறுக்கினாள். "பொலிஸ் தேடி வார ஆள் அந்த வீட்டுல இரிக்கப்படாதாம்."

"நீ என்ன சொன்னாய்?"

"ஓமெண்டு சொல்லிட்டன்." அழுதாள். "முந்தி வந்த மூணு பேச்சும் ஒங்கட பேரக் கேட்டதும் முறிஞ்சி போச்சி. நான் என்ன செய்ய?"

அவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேள்விப்பட்டு நான்தான் திட்டினேன். ஒரு குடும்பத்தைப் பிரித்துப் போட்டு, அதற்குக் கண்காணிப்பு என்று பேர் வைத்தவர்களைத் திட்ட எனக்குத் துணிவில்லை, கிடைத்தவளைத் திட்டினேன். இன்றைக்கும் அது வெட்கம்தான்.

நிக்காஹ்வுக்கு ஒரு நாள் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. மகளை ஒப்படைக்கும் உரிமையை என் பேருக்கு எழுதித் தந்தார். வாப்பா சொல்ல வேண்டிய வார்த்தையை மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நான் சொன்னேன்.

எண்பத்தாறில், கையெழுத்து வைக்க வேண்டிய கடைசி ஞாயிறு. கூடவே நானும் போனேன். சார்ஜன் பாக்கியராசா கையெழுத்துக் கொப்பியை விரித்தார்.

"முடிஞ்சிது சீனிமுகம்மது. இனி விரும்பின இடத்துக்குப் போகலாம். எந்த வீட்டுக்குப் போறீங்க? விலாசம் எழுதோணும்."



"அண்டைக்கி ஒரு வீடு கேட்டாங்க, ரெண்டு சொன்னன் ஐயா. இப்ப ஒண்டுமில்ல."

"விலாசம் எழுதுற இடத்தச் சும்மா விடேலாதே," என்று சார்ஜன் சங்கடப்பட்டார். பிறகு பழைய விலாசத்தையே திரும்ப எழுதிக் கொப்பியை அவர் பக்கம் தள்ளினார். சீனிமுகம்மது கையெழுத்து வைத்தார்.

அன்று பின்னேரம் இப்றாஹிமின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டு நின்றார்.